கொடி யாருடையது? கப்பல் யாருடையது?

2013 அக்டோபர் 12. கடலோரக் காவல்படை ஒரு கப்பலை மடக்கி, தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் ‘சீமேன் கார்டு ஓஹையோ’. உள்ளே 35 பேர். எஸ்டோனியர் 14, இந்தியர் 12, பிரிட்டிஷார் 6, உக்ரைன்காரர் 3. கூடவே 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். ஊரெல்லாம் அதே பேச்சுதான்.

கப்பலை நடத்தியது அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த அட்வன்ஃபோர்ட் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம். சோமாலியக் கொள்ளையர்களிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காப்பாற்ற ஆயுதம் தாங்கிய காவலர்களை அனுப்புவது அதன் தொழில். சரி, அமெரிக்கக் கம்பெனி என்றால் அமெரிக்கக் கொடிதானே பறக்க வேண்டும்? பறந்தது சியரா லியோன் கொடி! மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரு சின்ன நாடு.

அமெரிக்க முதலாளி, ஆப்பிரிக்கக் கொடி, ஐரோப்பியக் காவலர்கள், இந்திய மாலுமிகள், கடைசியில் தூத்துக்குடி கோர்ட். இது எப்படி சாத்தியம் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

நடுக்கடலில் எந்த நாட்டுச் சட்டமும் கிடையாது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் அங்கே கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும். ஒரு கப்பலுக்கு ஒரே கொடிதான். கொடி நாடுதான் கப்பலின் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும், மாலுமிகளின் நிலையைக் கவனிக்க வேண்டும், விபத்து நடந்தால் விசாரிக்க வேண்டும். 1982இல் உருவான ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம், கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் ‘உண்மையான தொடர்பு’ இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் உண்மையான தொடர்பு என்றால் என்ன என்று அந்த ஒப்பந்தம் விளக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் இன்று பெரிய பெரிய கப்பல்கள் எல்லாம் போகின்றன.

முதலாளி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, கட்டணம் கட்டினால் கொடி தருகிறோம் என்று சொல்லும் நாடுகள் உண்டு. இதற்குத் திறந்த பதிவு என்று பெயர். மாலுமிகளின் தொழிற்சங்கங்கள் வைத்த பெயர் ‘வசதிக் கொடி’. இன்று லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று கொடிகளின் கீழ் மட்டுமே உலகக் கப்பல் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. முதலாளிக்கு இதில் என்ன லாபம்? வரி குறைவு. எந்த நாட்டு மாலுமியையும் மலிவாக வைத்துக்கொள்ளலாம். வழக்கு என்று வந்தால் யார் மீது போடுவது என்று எதிராளி தேடியே களைத்துவிடுவார்.

இது புதுசா? இல்லவே இல்லை. நம் கரையே இதற்கு சாட்சி.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் ‘கர்த்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சீட்டு இல்லாத கப்பலை அவர்கள் பறிமுதல் செய்யலாம். கடல் எல்லோருக்கும் பொது என்றிருந்த காலம் போய், காகிதம் இருந்தால்தான் கடல் என்று ஆனது. அதே காலத்தில் முத்துக்குளித்துறை பரதவர்கள் முத்து வணிகத்தில் பெரும் நெருக்கடியில் இருந்தார்கள். கொச்சிக்குத் தூது போய்ப் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். 1536-37இல் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தது அதற்குப் பிறகு, 1542இல்தான். அந்த மக்கள் வெறும் வசதிக்காக மாறினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஐந்நூறு ஆண்டுகளாக உயிரோடு இருக்கும் நம்பிக்கையை அப்படிச் சொல்வது அபத்தம். ஆனால் கடலில் பிழைக்க வேண்டுமானால் ஒரு பெரிய கொடியின் நிழல் தேவை என்ற நிலை அப்போதே வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது அந்தக் கொடியும் மாறியது.

இன்றைய வசதிக் கொடிக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை அது டென்மார்க்கின் ஊர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தும் பிரான்சும் அடிக்கடி மோதிக்கொண்டன. டென்மார்க் நடுநிலை நாடு. அதனால் டேனிஷ் கொடி பறக்கும் கப்பலுக்கு ஆபத்து குறைவு. இந்தியாவில் பணம் சேர்த்த ஆங்கிலேயர்கள் பலர், தங்கள் சொந்தக் கம்பெனிக்கே தெரியாமல் அந்தப் பணத்தை டேனிஷ் கப்பல்களில் சரக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கொடி டென்மார்க்குடையது, முதல் ஆங்கிலேயருடையது. பனாமாவெல்லாம் பிறகு வந்த பிள்ளைகள் :-)

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். வ.உ.சி. ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் வாங்கவில்லை. பம்பாயின் ஷாலைன் கம்பெனியிடமிருந்து வாடகைக்கு எடுத்தார். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி நெருக்கடி கொடுத்ததும் அந்த வாடகைக் கப்பல் கையை விட்டுப் போனது. அப்போதுதான் தெரிந்தது, கப்பல் யாருடையதோ அவர் வைத்ததுதான் சட்டம் என்று. 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பி.காம். படிக்கிற எனக்கு இந்த 25 ரூபாய்தான் பிடித்த விஷயம். சாதாரண ஆளும் கப்பலுக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்பதுதானே அதன் அர்த்தம்? 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ இரண்டும் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்குக் குறைத்தது. 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டப்படி இந்தியர்களும் பிரிட்டிஷ் பிரஜைகள்தான். இந்தியத் துறைமுகத்தில் ஒரு கப்பலைப் பதிவு செய்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பிரிட்டிஷ் கப்பலே. அதாவது கப்பலை நாம் வாங்க முடிந்தது, கொடியை வாங்க முடியவில்லை. சுதந்திர இந்தியா 1958இல் தனக்கென வணிகக் கப்பல் சட்டம் போட்டபோது, இந்தியருக்கோ இந்தியக் கம்பெனிக்கோ சொந்தமான கப்பலுக்குத்தான் நம் கொடி என்று வைத்தார்கள். 2025இல் நாடாளுமன்றம் அந்த இடத்துக்குப் புதிய சட்டத்தை நிறைவேற்றி, உரிமை விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. நம் கொடியை விட்டுப் போன கப்பல்களைத் திரும்பக் கூப்பிடும் முயற்சி அது.

அவை ஏன் போயின? உலகம் மாறிய கதை அது. 1922இல் அமெரிக்காவில் மதுவிலக்கு. பயணிகளுக்கு மது ஊற்ற வேண்டும் என்பதற்காகவே ‘ரிலையன்ஸ்’, ‘ரிசொல்யூட்’ என்ற இரு சொகுசுக் கப்பல்கள் பனாமா கொடிக்கு மாறின. 1948இல் லைபீரியா தன் பதிவேட்டைத் திறந்தது. திட்டம் போட்டவர் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஸ்டெட்டினியஸ். லைபீரியப் பதிவேட்டின் தலைமை அலுவலகம் இன்றும் லைபீரியாவில் இல்லை, விர்ஜீனியாவில் இருக்கிறது. மார்ஷல் தீவுகளின் பதிவேட்டை நடத்துவதும் அங்கிருந்துதான்.

முதலாளிக்கு லாபம், சரி. நஷ்டம் யாருக்கு? 2025 மே மாதம் கொச்சி அருகே மூழ்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ லைபீரியக் கொடிக் கப்பல். அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. அள்ளியவர்கள் நம்மவர்கள். 2024இல் மட்டும் உலகம் முழுவதும் 300க்கும் மேற்பட்ட கப்பல்களில் 3,000க்கும் அதிகமான மாலுமிகளை, சம்பளம் தராமல் முதலாளிகள் கைவிட்டதாகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் சொல்கிறது. அதில் இந்தியர்களே அதிகம். பெரும்பாலும் வசதிக் கொடிக் கப்பல்கள்.

‘சீமேன் கார்டு ஓஹையோ’ என்ன ஆனது? 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டு சிறை விதித்தது. 2017 நவம்பர் 27இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுதலை செய்தது. இடையில் போன நான்கு வருடங்கள்? அந்த நாட்களில் அவர்களுக்காகப் பேசியது பிரிட்டனும் எஸ்டோனியாவும். அதாவது அவர்கள் பாஸ்போர்ட்டில் இருந்த நாடுகள். கப்பலில் பறந்த கொடியால் அவர்களுக்கு ஒரு நிழலும் கிடைக்கவில்லை.

முத்துக்குளித்துறைக்காரர்கள் அன்று கொடியைத் தேடியது பாதுகாப்புக்காக. இன்றைய முதலாளிகள் கொடியைத் தேடுவது பொறுப்பிலிருந்து தப்பிக்க. அந்தக் கப்பலைக் கொண்டுவந்து கட்டியது எந்தத் துறைமுகத்தில் தெரியுமா? 2011 முதல் அதன் பெயர் வ.உ.சிதம்பரனார் துறைமுகம். கப்பல் நமக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செக்கிழுத்தவரின் பெயர்.

நம் வகுப்பிலும் கப்பல் வேலைக்குப் போக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், கொடி எது, முதலாளி யார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் தெரியாத கப்பலில் ஏறாதீர்கள்.