வீட்டுச் சுவருக்குள் பவளப்பாறை: கடல்நீர்த் தொட்டியின் வரலாறு

சுவர்ப் பவளப்பாறைத் தொட்டி என்பது, வீட்டின் இரண்டு அறைகளுக்கு இடையே உள்ள சுவரில் திறப்பு விட்டு, அதில் பொருத்தப்படும் பெரிய கடல்நீர்த் தொட்டியாகும். கூடத்தில் அமர்ந்திருப்பவருக்குச் சட்டம் போட்ட படம்போலக் கண்ணாடி மட்டும் தெரியும். அதற்குள் உயிருள்ள பவளங்களும் கடல் தாமரைகளும் மீன்களும் இருக்கும். நீரேற்றி, விளக்குகள், குழாய்கள், உப்புநீர்க் கலம் ஆகியவை சுவருக்குப் பின்னால் உள்ள சிற்றறையில் மறைந்திருக்கும். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வசதி படைத்த பொழுதுபோக்காளர்கள் பலர் இத்தகைய தொட்டிகளைக் கட்டுகிறார்கள்.

இதன் அளவைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொட்டி 2.4 மீட்டர் நீளமும் 0.9 மீட்டர் அகலமும் கொண்டது என்போம். நீரின் ஆழம் 0.75 மீட்டர். கொள்ளளவு 1,620 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்பதால் நீரின் எடை மட்டும் ஏறத்தாழ 1,660 கிலோ. லிட்டருக்கு 35 கிராம் வீதம் அதில் கரைந்துள்ள உப்பு 56 கிலோவுக்கு மேல். முன்பக்கக் கண்ணாடியின்மீது நீர் செலுத்தும் மொத்த விசை, சுமார் 690 கிலோ எடைக்குச் சமம். பள்ளியில் திரவ அழுத்தப் பாடத்தைச் சலிப்போடு கேட்ட மாணவர்கள் இந்த எண்ணைக் கவனிக்கலாம். எடை தாங்கும் சுவரில் திறப்பு விடும்போது மேலே உத்தரம் வேண்டும். தரைக்கும் தனி வலுவூட்டல் வேண்டும்.

ஆனால் எடையைத் தாங்குவதைவிட, கடல் இடைவிடாமல் செய்யும் வேலையை வீட்டுக்குள் செய்வதுதான் கடினம். கடல் நீரைக் கலக்குகிறது, காற்றூட்டுகிறது, கழிவைச் சிதைக்கிறது, சுண்ணாம்புச் சத்தை வழங்குகிறது. தொட்டியில் இந்த வேலைகளை யார் செய்வது? கடல்நீர்த் தொட்டியின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளின் வரலாறே.

பணிப்பெண்ணின் கைகள்

1846-இல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கீ என்ற ஊருக்குச் சென்றார். அவருடைய கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர் பதவியில் இருந்தவர். டார்க்கீ கரையில் கண்ட சிறு கல்பவளங்கள் அன்னாவைக் கவர்ந்தன. அவற்றைக் கடற்பஞ்சு ஒன்றில் ஊசி நூலால் தைத்துப் பொருத்தி, கடல்நீர் நிரம்பிய சாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார்.

லண்டனில் கடல் இல்லை. வைத்திருந்த நீர் கெடாமல் இருக்க வேண்டும். திறந்த சாளரத்தின் முன் நின்று, ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு நீரை ஊற்றி ஊற்றி ஆற்றுவது என்று முடிவாயிற்று. நம் வீடுகளில் பாலை ஆற்றுவதுபோல, நாள்தோறும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இந்த வேலை நடந்தது. செய்தவர் வீட்டுப் பணிப்பெண். முதல் நீரேற்றியாகவும் காற்றூட்டியாகவும் இருந்தவை அந்தப் பெண்ணின் கைகள்தாம். அவர் பெயரும் அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றிருக்கலாம் என்பது என் கருத்து.

1847-இல் அன்னா கடற்பாசிகளைச் சேர்த்தார். பாசி ஒளியில் உயிர்வளியை வெளிவிட, கைவேலை குறைந்தது. பவளங்கள் ஏறக்குறைய மூன்றாண்டுகள் உயிர்வாழ்ந்து குஞ்சும் ஈன்றன. அவர் கொண்டுவந்த வகை குளிர்கடலில் வாழும் கிண்ணப் பவளம். உடலுக்குள் பாசிகளை வைத்துக்கொண்டு சூரிய ஒளியால் வாழும் வெப்பக்கடல் பவளம் அன்று. லண்டனின் மங்கிய வெளிச்சத்தில் அது பிழைத்ததற்கு இதுவும் காரணம்.

அவருக்கு முன்பே, 1832-இல், சிசிலித் தீவின் மெசினாவில் ஜான் வில்ப்ரே பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஆர்கொனாட் என்னும் எண்காலியின் ஓட்டைப் பற்றி ஆராய்வதற்காகக் கடல்நீர்த் தொட்டிகளைப் பயன்படுத்தினார். ஆனால் அவருக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தது.

மோகமும் விலையும்

பிரித்தானியாவில் கண்ணாடி மீதிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது. 1850-இல் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன், நீர்த்தாவரம், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நன்னீரில் வாழும் என்று விளக்கினார். பிறகு கடல்நீரிலும் சோதனை செய்தார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதற்கு உயிரினங்களைத் திரட்டித் தந்தவர்களில் முக்கியமானவர் இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ். மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூல், 'அக்வேரியம்' என்ற சொல்லையே வீட்டுச் சொல்லாக்கிவிட்டது. சாதாரண உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் நன்னீரில் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையையும் அவர் வெளியிட்டார். இன்று வாளியில் விற்கப்படும் தொட்டி உப்புக்கு அதுவே முன்னோடி.

நூலைப் படித்தவர்கள் உளியும் சுத்தியலும் கூடையுமாகக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறைக்குழிகளில் இருந்த கடல் தாமரைகளும் நண்டுகளும் நட்சத்திர மீன்களும் வரவேற்பறைகளுக்குச் சென்றன. பெரும்பாலானவை சில நாள்களில் அழுகின. தந்தையின் எழுத்தே அந்தக் கரைகளை வெறுமையாக்கியதை, காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்ற தன்வரலாற்று நூலில் மிகுந்த வருத்தத்துடன் பதிவு செய்திருக்கிறார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த மோகம் அடங்கிவிட்டது.

சுவரில் பதித்த கண்ணாடி

சுவர்த் தொட்டியின் தோற்றத்தைப் பொதுக் காட்சியகங்களில் தேட வேண்டும். லண்டன் மீன் இல்லத்தில் எல்லாப் பக்கமும் வெளிச்சம் பட்டதால் நீர் பச்சையாகிப் பாசி பிடித்தது. 1861-இல் பாரிஸில் திறக்கப்பட்ட மீன்காட்சியகத்தில் தொட்டிகள் சுவரோடு வரிசையாக அமைந்தன. வெளிச்சம் மேலிருந்து மட்டும் வந்தது. பார்வையாளர் நின்ற கூடம் இருட்டாக இருந்தது. அதன் வடிவமைப்பில் பங்கேற்றவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு என்ற லண்டன் கடைக்காரர்.

லாய்டின் பெரிய பங்களிப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. 1871-இல் லண்டன் பளிங்கு மாளிகையில் அவர் அமைத்த காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தைத் தரைக்கடியில் இருட்டில் வைத்தார். நீரேற்றிகள் இரவும் பகலும் நீரைச் சுழற்றின. இருட்டில் பாசி வளராது. நீரின் அளவு மிகுதியென்பதால் ஓர் உயிர் இறந்தாலும் முழு நீரும் கெடாது. இன்றைய சுவர்த் தொட்டிக்குப் பின்னறையில் இருக்கும் கலம் அந்தத் தேக்கத்தின் சிறு வடிவந்தான்.

சென்னை மெரினா கடற்கரையில் 1909-இல் திறக்கப்பட்ட மீன்காட்சியகமும் இந்த வரலாற்றில் சேரும். அதற்கு வித்திட்டவர் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன். கடலை எதிரில் வைத்துக்கொண்டு கட்டியதால் நீருக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

நீரைச் சுழற்றினால் மட்டும் ஏன் போதவில்லை? இதற்கு விடை மண்ணியலிலிருந்து வந்தது. 1890-ஐ ஒட்டி ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை இருவேறு பாக்டீரியாக்கள் என்று காட்டினார். மீனின் கழிவு அம்மோனியா, அது நஞ்சு. பாக்டீரியாக்கள் குடியேறச் சில வாரங்கள் ஆகும். கட்டி முடித்த மறுநாளே மீன் விட்டவரின் மீன் ஏன் செத்தது என்பது இதனால் விளங்கும்.

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், அமெரிக்க இதழ் ஒன்றில் தம் முறையை எழுதினார். கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய பாறையைக் கொண்டுவந்து வைப்பது, நல்ல வெளிச்சம் தருவது, மெல்லக் காற்றுக்குமிழி விடுவது. வேறு வடிகட்டியே இல்லை. அவருடைய பவளங்கள் வாழ்ந்தன. பாறையின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை மாற்றின. உயிர்வளி எட்டாத உட்துளைகளில் வாழ்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றின. ஆனால் கடலுக்கு வெகுதூரத்தில் இருந்தவர்களுக்கு இம்முறை பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. பாறை வந்து சேரும்போதே அதிலிருந்த உயிர்கள் மடிந்திருந்தன.

அடுத்த பாய்ச்சல் ஜெர்மனியில் நிகழ்ந்தது. அங்கே புரத நுரைப்பான் உருவாயிற்று. பருப்பு வேகும்போது மேலே நுரை திரள்கிறதல்லவா? நீரில் கரைந்த புரதம் குமிழியில் ஒட்டிக்கொள்ளும் அதே இயல்பைப் பயன்படுத்தி, கழிவு சிதைந்து அம்மோனியா ஆகுமுன்பே அதை நுரையாக வெளியே தள்ளும் கருவி இது. உயிர்ப்பாறை, நுரைப்பான், வலுவான விளக்கு, சுண்ணாம்பு நீர் ஆகிய நான்கும் சேர்ந்த முறைக்குப் பெர்லின் முறை என்று பெயர். 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டுப் பவளத்தொட்டி வேகமாகப் பரவியது. ஒட்டுப்பசையாகச் சிலிகோன் வந்தபின் உப்பில் துருப்பிடிக்கும் இரும்புச் சட்டம் தேவையற்றுப் போனதும், பெரிய தொட்டிகளைச் சாத்தியமாக்கியது.

சுண்ணாம்பு

மேற்சொன்ன நான்கில் சுண்ணாம்பு நீரைத் தனியே சொல்ல வேண்டும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. தொட்டி நீரில் கால்சியம் விரைவில் குறையும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வில்கென்ஸ், தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடும்படி எழுதினார். தொட்டியிலிருந்து ஆவியாவது நன்னீர் மட்டுமே; உப்பு தங்கிவிடும். எனவே அந்த இழப்பை ஈடுசெய்யும் நன்னீரிலேயே சுண்ணாம்பைக் கரைத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். மிகுந்த காரத்தன்மை உடையது என்பதால் ஒரேயடியாக ஊற்றினால் உயிர்கள் மடியும்.

நம் தென்கடலில் இதற்கு நேர்மாறானது நடந்தது. மன்னார் வளைகுடாவில், குறிப்பாகத் தூத்துக்குடிப் பகுதியில், பல்லாண்டுகளாகப் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பாகச் சுட்டார்கள். வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கியதற்குப் பவளம் வெட்டியதும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே நம் கரையிலிருந்து ஒரு துண்டுப் பவளத்தைக்கூட வீட்டுத் தொட்டிக்கு எடுத்துவர முடியாது, எடுத்தால் குற்றம்.

வெட்டித் தரும் கிளை

பவளம் எங்கிருந்து வருகிறது என்பதே இப்பொழுதுபோக்கின் மிகச் சிக்கலான கேள்வி. இந்தோனேசியா போன்ற நாடுகளின் பாறைகளிலிருந்து எடுத்த பவளமும் உயிர்ப்பாறையும் பெருமளவில் ஏற்றுமதியாயின. காஸ் காலத்துக் கூடைகள் இப்போது விமானத்தில் பறந்தன என்று சொல்லலாம்.

இன்னொரு வழியும் பெர்லினிலேயே தோன்றியது. அங்கு டீட்ரிக் ஸ்டூபர் என்பவரின் வீட்டுத் தொட்டியில் அக்ரோபோரா வகைக் கிளைப்பவளம் ஒன்று செழித்தது. முருங்கைப்போத்தை வெட்டி நடுவதுபோல அதன் கிளைகளை ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் வளர்த்துப் பிறருக்குக் கொடுத்தார்கள். அந்த ஒரே செடியின், இல்லை, ஒரே உயிரின் துண்டுகள் பல நாட்டுத் தொட்டிகளில் அவர் பெயராலேயே வளர்ந்தன. இன்று கட்டப்படும் தொட்டிகளில், தொட்டியிலேயே வளர்ந்த துண்டுகளாலும் செயற்கைப் பாறையாலும் நிரப்பப்படுபவை பல. சுவருக்குப் பின்னறை கட்டுவோர் காற்றுப் போக்கிக்கும், மின்தடைக்கு மின்கலத்துக்கும் இடம் விடுவது போலவே, துண்டுகள் வளர்க்க ஒரு தாழ்ந்த தட்டுத் தொட்டிக்கும் இடம் விடுகிறார்கள். அந்த அறையைத்தான் நான் முதலில் பார்க்க விரும்புவேன்.

துண்டு வெட்டுவது ஒரே உயிரைப் பெருக்குவது. அதில் புதிய மரபுச் சேர்க்கை இல்லை. கடலில் பவளங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் முழுநிலவை ஒட்டிய சில இரவுகளில், முட்டையையும் விந்தணுவையும் ஒருசேர வெளிவிடும். இதைத் தொட்டியில் திட்டமிட்டு நிகழ்த்தும் ஆய்வை லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர் மேற்கொண்டார்கள். கடலின் பருவ வெப்பநிலை, பகல் நீளம், நிலவின் வளர்பிறை தேய்பிறை ஆகியவற்றை விளக்குகளாலும் கணினியாலும் அப்படியே உருவாக்கினார்கள். 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே முறையைக் கையாண்டு, 2019 ஆகஸ்டில், அமெரிக்காவின் புளோரிடா மீன்காட்சியகத்தில் தூண் பவளம் முட்டையிட்டது. நோயால் புளோரிடாக் கடலில் ஏறக்குறைய அற்றுப்போய்விட்ட இனம் அது. தொட்டிக்குள் எடுத்துவரப்பட்டதால் தப்பியவற்றின் குஞ்சுகள் அங்கு வளர்கின்றன.