இயக்குதள மேம்படுத்தல்

இயக்குதள மேம்படுத்தல் என்பது கணினியில் உள்ள இயக்குதளத்தின் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்பிற்கு மாறுவதைக் குறிக்கும். ஒரே பதிப்பில் காணப்படும் பிழைகளையும் பாதுகாப்புக் குறைகளையும் களையும் இற்றைப்படுத்தலிலிருந்து இது வேறுபட்டது. மேம்படுத்தலின்போது கரு, வன்பொருள் இயக்கிகள், எழுத்துரு முறைமை முதலிய அடிப்படைக் கூறுகளே மாறுகின்றன. ஆகவே, அவற்றை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் இயங்காமல் போவதற்கு வாய்ப்புண்டு.

தேவை

புதிய வசதிகளுக்காக மேம்படுத்துவோர் குறைவு. தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிடுவதே பெரும்பாலும் காரணமாகிறது. 2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. ஆதரவு முடிந்த கணினி மறுநாளும் வழக்கம்போல் இயங்கும். ஆனால் அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகள் பொதுவாக அடைக்கப்படுவதில்லை. 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, கைவிடப்பட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தத்தை வெளியிட நேர்ந்தது.

வன்பொருளும் பழைய மென்பொருளும்

எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 மெகாபைட்டு நினைவகம் போதும். விண்டோஸ் 7க்கு 1 கிகாபைட்டும், விண்டோஸ் 11க்கு 4 கிகாபைட்டும் தேவை. விண்டோஸ் 11 இத்துடன் நிற்காமல், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. இதனால் நல்ல நிலையில் உள்ள கணினிகளும் தகுதி இழக்கின்றன.

எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7க்கு நேரடியாக மேம்படுத்த வழியில்லை. கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டுப் புதிதாக நிறுவி, ஒவ்வொரு மென்பொருளையும் மீண்டும் ஏற்ற வேண்டும். நிறுவல் குறுவட்டைத் தொலைத்தவர்களுக்கு இந்த இடத்திலேயே பயணம் முடிந்துவிடும். மேலும், 64 பிட்டு விண்டோசில் 16 பிட்டு நிரல்கள் இயங்கா. டாஸ் காலத்துப் பற்றுச்சீட்டு நிரலையும் புள்ளி அச்சுப்பொறியையும் வைத்துத் தொழில் நடத்தும் கடைகள் பழைய கணினியை விடாமல் வைத்திருப்பதைச் சோம்பல் என்று கொள்ள முடியாது.

தமிழ்க் கணிமையில் விளைவுகள்

தமிழ்ப் பயனர்களுக்கு மேம்படுத்தல் கூடுதலாக ஒரு சிக்கலைத் தந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு டிஸ்கி, டாம், டாப் ஆகிய 8 பிட்டுக் குறிமுறைகளும் பாமினி போன்ற எழுத்துருக்களும் வழக்கில் இருந்தன. டாம், டாப் இரண்டும் 1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசால் தரமாக்கப்பட்டவை. இம்முறைகளில் தமிழ் எழுத்துகள் மேற்கத்திய எழுத்துகளுக்கு உரிய இடங்களில் அமர்ந்திருந்தன. உரிய எழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால் பல ஆண்டு உழைப்பு பொருளற்ற குறிகளாகத் தோன்றும். டிஸ்கியில் 'இ' எழுத்துக்கு முதலில் தரப்பட்ட இடம் கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக்குறிக்கு உரியது. எனவே சில மென்பொருள்களில் 'இ' மட்டும் காணாமற் போனது. பின்னர் அதற்கு மாற்று இடம் ஒதுக்கப்பட்டது.

விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழை ஆதரித்தது. எக்ஸ்பியிலோ சிக்கலான வரிவடிவங்களுக்கான ஆதரவைப் பயனரே கட்டுப்பாட்டுப் பலகத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்கு நிறுவல் குறுவட்டு பெரும்பாலும் தேவைப்பட்டது. அதைச் செய்யாத கணினிகளில் சில உலாவிகள் கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்க்காமல் தனித்தனியே காட்டின. விஸ்டாவிலிருந்து இந்த ஆதரவு இயல்பாகவே அமைந்தது. ஆனால் 2005இல் ஒருங்குறி 4.1 'ஶ' எழுத்தைச் சேர்த்ததால் வேறொரு குழப்பம் தோன்றியது. பழைய கணினியில் 'ஸ' கொண்டும் புதியதில் 'ஶ' கொண்டும் எழுதப்படும் ஸ்ரீ, பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் தேடலில் இரண்டாகும்.

2010 சூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது, ஒருங்குறியையும் டேஸ் 16 குறிமுறையையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. பழைய கோப்புகளை மாற்றும் வேலை அதனால் தானாக நடந்துவிடவில்லை. குறிமாற்றிகள் உள்ளன. எனினும் எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்பது தெரிந்தால்தான் அவை பயன்படும்.

வேறு இயக்குதளத்திற்கு மாறுதல்

மேம்படுத்தலுக்குப் பதிலாகக் கட்டற்ற இயக்குதளத்திற்கு மாறுவதும் உண்டு. தமிழ்நாடு மின்னணு நிறுவனம் (எல்காட்), சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006-2007 ஆண்டுகளில் சூசே லினக்சுக்கு மாறியது. சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. இரண்டும் ஒரே கணினியில் இருக்கும்போது, கற்பிக்க ஆள் இல்லாவிட்டால், பழகியதையே மாணவர் திறப்பர். கேரளம் தன் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி தந்து, பாடத்தையும் தேர்வையும் கட்டற்ற மென்பொருளிலேயே அமைத்தது. அங்கு மாற்றம் நிலைத்தமைக்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

தானியங்கி பணப்பொறிகள்

இந்தியாவில் எக்ஸ்பி நீண்டகாலம் நிலைத்த இடங்களுள் ஏ.டி.எம். பொறிகளும் அடங்கும். ஆதரவு முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2018 சூன் 21 அன்று, இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கால அட்டவணை விதித்தது. ஆதரவற்ற இயக்குதளமுடைய பொறிகளில் 25 விழுக்காட்டை 2018 செப்டம்பருக்குள்ளும், 50 விழுக்காட்டை டிசம்பருக்குள்ளும், 75 விழுக்காட்டை 2019 மார்ச்சுக்குள்ளும், அனைத்தையும் 2019 சூனுக்குள்ளும் மாற்ற வேண்டும் என்பது ஆணை. பணம் எண்ணும் பகுதி, அட்டை படிப்பான், விசைப்பலகை ஆகிய ஒவ்வொன்றையும் புதிய இயக்குதளத்துடன் சோதித்த பின்னரே பொறியைப் பயன்பாட்டிற்கு விட முடியும் என்பதால், வீட்டுக் கணினியைப் போல் இதனை விரைந்து செய்ய இயலாது.

விண்டோஸ் 10 பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11க்குத் தகுதியற்ற கணினிகளில் லினக்ஸ் வழங்கல் ஒன்றை நிறுவுவது மற்றொரு வழியாகும்.