மார்ஜரி சைக்ஸ்

மார்ஜரி சைக்ஸ் (1905–1995) இங்கிலாந்தில் பிறந்து, சென்னை வேப்பேரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கி, பின்னாளில் இந்தியக் குடிமகளான குவேக்கர் கல்வியாளர். தாகூரின் சாந்திநிகேதனையும் காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தையும் வைத்தே அவரைப் பலர் அறிவார்கள். இரண்டுக்கும் அவரைப் பக்குவப்படுத்திய சென்னை ஆண்டுகள் அதிகம் பேசப்படுவதில்லை. அது பெரிய குறை.

யார்க்‌ஷயரில் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த மெக்ஸ்பரோ அவர் பிறந்த ஊர். தந்தை பள்ளித் தலைமையாசிரியர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் ஆங்கிலம் படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, 1928இல் சென்னைக்குக் கப்பலேறினார். வயது 23. லண்டன் மிஷன் நடத்திய பெண்டிங்க் பெண்கள் பள்ளியில் வேலை.

அன்று வீட்டுக்குக் கடிதம் போட்டால் கப்பல் தபாலில்தான் போகும். லண்டனுக்கும் கராச்சிக்கும் விமானத் தபால் தொடங்கியதே 1929 மார்ச் 30இல்தான். வகுப்பில் ஒரு சிக்கல் என்று எழுதிக் கேட்டு, பதில் கைக்கு வருவதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிடும், சிக்கலும் வேறாகியிருக்கும். புதிதாக வந்த ஆசிரியைக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவர்களே கதி. சைக்ஸ் தமிழ் கற்றுக்கொண்டார். மாணவிகள் வீட்டில் பேசும் மொழி தெரியாமல் அவர்களுக்குப் பாடம் சொல்ல வந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர் அப்படி இருந்துவிடவில்லை. பின்னர் அதே பள்ளியின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரின் நண்பர்கள் சங்கத்தில் அவர் சேர்ந்ததும் சென்னையில் இருந்த 1930களில்தான். அவர்கள் வழிபாட்டில் குருவானவர் இல்லை, பிரசங்கமும் இல்லை. எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து சொல் எழுந்தால் எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்காருவார், மறுபடி மௌனம். யார் வாயிலிருந்தும் உண்மை வரலாம் என்ற இந்த நம்பிக்கையைத்தான் அவருடைய கல்விப் பணி முழுவதிலும் காண்கிறோம்.

1939இல் சாந்திநிகேதன் சென்றார். வங்க மொழி கற்று, தாகூரின் நாடகங்களை ஆங்கிலமாக்கினார். காந்திக்கும் தாகூருக்கும் நண்பரான சி. எஃப். ஆண்ட்ரூஸின் வாழ்க்கை வரலாற்றைப் பனாரசிதாஸ் சதுர்வேதியுடன் சேர்ந்து எழுதினார். அது 1949இல் வெளிவந்தது.

அவர் அடுத்துச் சென்ற சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்வியை நடத்தி வந்தவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். ஆரியநாயகத்தின் மனைவி ஆஷாதேவி வங்காளி. 1950களில் சைக்ஸ் அங்கே ஆசிரியர்களைப் பயிற்றினார். அந்தக் கல்வி முறையில் நூல் நூற்கும் தக்ளி என்ற கைக்கதிர்தான் பாடப்புத்தகம். பிள்ளை நூல் நூற்கும். நூற்ற இழைகளை எண்ணும்போது கணக்கு வரும், பஞ்சு எந்த மண்ணில் விளைகிறது என்று கேட்டால் புவியியல் வரும்.

பிறகு சில ஆண்டுகள் நீலகிரியின் கோத்தகிரியில் வாழ்ந்தார். 1960களில் நாகா கிளர்ச்சியாளர்களுக்கும் இந்திய அரசுக்கும் இடையிலான நாகாலாந்து அமைதி முயற்சியில் பங்கெடுத்தார். 1980இல் இந்தியக் குவேக்கர்களின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். 1866இல் தையல் கற்றுக்கொடுக்கக் காசிக்குத் தனியாக வந்து சேர்ந்த ரேச்சல் மெட்காஃப், அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கும் பெண்.