இறுதியாட்ட இரவும் செக்றோலும்

விளையாட்டு வரலாறு எழுதுவோர் கோல்களை எண்ணுவர்; கிண்ணத்தைப் பெற்றவர் யார், தவறவிட்டவர் யார் எனப் பதிவு செய்வர். பார்த்திருந்தோர் என்ன செய்தனர் என்பது அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆயின், இறுதியாட்டமொன்றைச் சூழ்ந்தெழும் பாட்டு, ஆரவாரம், வியாபாரம், உறக்கமின்மை ஆகிய யாவும் பார்த்தோருக்கே உரியன. ருவான்வெல்லைப் பகுதியின் இறப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்தவன் என்ற முறையில் இவ்விடயத்தைப் பார்த்தோர் பக்கமிருந்து நோக்க முயல்கின்றேன்.

1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் திகதி கல்கத்தாவில் நடைபெற்ற ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டம் ஈண்டு நினைக்கத்தக்கது. கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை மோகன் பகான் கழகத்தார் 2–1 என வென்றனர். அக்கேடயத்தைப் பெற்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. பதினொருவருள் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர் என்பதைப் பலரும் எடுத்துரைப்பர். எனக்கு அதனினும் சுவையாகத் தோன்றுவது பட்டங்களின் கதை. புகைவண்டிகளிலும் நீராவிப் படகுகளிலும் வந்து குவிந்த மக்களை மைதானம் கொள்ளவில்லை. பந்து கண்ணுக்குத் தெரியாத தொலைவில் நின்றோருக்குக் கோல் எண்ணிக்கையை அறிவிக்கும் பொருட்டுப் பட்டங்கள் வானில் ஏற்றப்பட்டன. பந்தைக் காணாமலே இறுதியாட்டத்தைப் 'பார்த்த' பெருங்கூட்டம் அது. தொலைக்காட்சிக்கு முந்திய தொலைக்காட்சி என அப்பட்டங்களைக் கூறின் மிகையாகாது.

நம் நாட்டிலே தொலைக்காட்சி 1979இல் தொடங்கிற்று. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. தோட்ட லயங்களுக்கு அது வந்து சேர்ந்த கதை வேறு. மின்சாரம் இல்லாத லயங்களில் மோட்டார் வண்டியின் பற்றறியே பெட்டிக்கு உயிரூட்டியது. ஒரு வீட்டார் வாங்கிய பெட்டி லயம் முழுவதற்கும் பொதுவாயிற்று. உள்ளே இடமில்லாதோர் இஸ்தோப்பிலும், அங்கும் இடமில்லாதோர் வாசலிலும் நின்று பார்த்தனர். அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் முன்னால் நின்றவரின் பிடரியே. ஆட்டத்தின் போக்கை உள்ளிருந்து வரும் கூச்சலைக்கொண்டே அறிந்தனர். கல்கத்தாப் பட்டங்களைப் பற்றிப் பின்னர் நூல்களில் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த வாசலே.

1994ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டம் அமெரிக்காவின் பசடீனா நகரில், ரோஸ் போல் அரங்கில், ஜூலை 17ஆந் திகதி நண்பகலையொட்டித் தொடங்கியது. கொளுத்தும் வெயிலில் அவ்வேளையைத் தெரிந்தமைக்கு ஐரோப்பியத் தொலைக்காட்சி நேயர்களின் வசதியே காரணம். எங்கள் வசதியை எவருங் கருதினாரில்லை: இங்கு அது திங்கட்கிழமை பிறந்து ஒரு மணி. ஆட்டத்துக்கு முன்னர் விட்னி ஹூஸ்டன் பாடினார். அதே அரங்கில் 1993 ஜனவரி 31ஆந் திகதி, அமெரிக்கர் தமக்கேயுரிய உதைபந்தாட்டத்தின் இறுதிப்போட்டியில், இடைவேளையின்போது மைக்கேல் ஜக்சன் ஆடிப் பாடியிருந்தார். அதற்கு முந்திய ஆண்டு இடைவேளையிலே நேயர் பலர் வேறோர் அலைவரிசையின் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு மாறிவிட்டனர். அவர்களை மீண்டும் பிடித்துவைக்கும் உபாயமாகவே அவர் அழைக்கப்பட்டார். 2025இல் உலகக் கழகக் கிண்ண இறுதியாட்டத்தின் இடைவேளையிலும் இதே முறை பின்பற்றப்பட்டது.

எங்கள் லயத்தாரை அவ்வாறு பிடித்துவைக்கத் தேவையிருக்கவில்லை. மாசியில் காமன் கூத்தை விடியும்வரை பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். மன்மதன் எரியப்போவதை அறிந்தே இரவெல்லாம் விழித்திருப்போருக்கு, முடிவு தெரியாத ஆட்டமொன்றின் பொருட்டு விழித்திருத்தல் பெரிதன்று. கூத்தில் இடையிடையே கோமாளி வருவதுபோல இங்கும் ஒருவர் உண்டு. இடைவேளையில் அவர் வாசலில் இறங்கி, அப்பாடகியைப் போல ஆடிக்காட்டினார். தப்புக் கொட்டவும் இருவர் ஆயத்தமாகவே வந்திருந்தனர். பெண்களோ பாட்டை மட்டும் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டனர். அவர்களுக்கு ஆட்டத்தில் விருப்பமில்லை எனக் கூறுவது எளிது. நான்கு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டியவர்கள் அவர்கள் என்பதே உண்மை.

கோல் விழாமலே நூற்றிருபது நிமிடங்கள் கழிந்தன. ஆடவர் உலகக் கிண்ண இறுதியாட்டமொன்று தண்ட உதைகளால் தீர்மானிக்கப்பட்டது அதுவே முதன்முறை. றொபேட்டோ பாஜியோ உதைத்த பந்து கம்பத்துக்கு மேலாகச் சென்றபோது மூன்று மணியும் கடந்துவிட்டது, தப்பு முழங்கிற்று. இறப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்கு வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். எனவே பால்வெட்டு உலகக் கிண்ணத்துக்காகக் காத்திராது. தென்மேல் பருவக்காலமாதலால், காலையில் மழை வந்து வெட்டு நின்றுபோகாதா எனச் சிலர் வானத்தைப் பார்த்தனர். மழை வந்தால் கூலிக்கும் இடர் உண்டு என்பதை அந்நேரத்தில் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

அவ்விரவு குறித்து எழுதப்பட்ட சான்று ஏதேனும் உண்டாயின் அது தோட்டக் கந்தோரின் செக்றோலேயாகும். யாருக்குப் பேர் விழுந்தது, யாருக்கு அரைப்பேர், யார் பிரட்டுக்கே வரவில்லை என்பனவெல்லாம் அதில் நாள்தோறும் குறிக்கப்பட்டன. கூலிக் கணக்குக்காக எழுதப்பட்ட அப்பேரேடுகளைத் தோட்ட மக்களின் பொழுதுபோக்கு வரலாற்றுக்கும் ஆதாரமாகக் கொள்ளலாம் என்பதே என் கருத்து. திருவிழாவுக்கு மறுநாள், கூத்துக்கு மறுநாள், இறுதியாட்டத்துக்கு மறுநாள் எனப் பக்கங்களை ஒப்பிட்டு நோக்கும் மாணவர் ஒருவருக்கு அவை பலவற்றைக் கூறும். கறையான் முந்திக்கொள்வதற்குள் இப்பணி தொடங்கப்பட வேண்டும். 1994 ஜூலை 18ஆந் திகதிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான்: தாயாருக்கு முழுப்பேர், தந்தையாருக்கு அரைப்பேர், அண்ணனுக்கு ஒன்றுமில்லை.