பழியிலிருந்து வழக்குக்கு

நம் பக்கத்துக் கொடை விழாக்களில் மதுரைவீரன் கதையைக் கேட்காதவர் இல்லை. சக்கிலியர் வீட்டில் வளர்ந்த வீரனை அரசாணையால் மாறுகால் மாறுகை வாங்குகிறார்கள். செத்தபின் அவன் மதுரையை உலுக்குகிறான். ஊர் பயந்து படையல் வைக்கிறது. கொன்றவரைத் தண்டிக்க வழியில்லாத சனம், பழிவாங்கும் வேலையைச் செத்தவனிடமே விட்டது. இதை வெறும் பக்தி என்று நான் படிக்கவில்லை.

அதே மதுரையை எரித்த கண்ணகியின் பழியோ அறமாயிற்று. 1968 சனவரியில் மெரினாவில் அவளுக்குச் சிலையும் வைத்தார்கள். அந்த ஆண்டே டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட சேரியின் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பிழைத்தவர்கள் அரிவாள் எடுக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெருநிலக்காரர்கள் நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று தீர்ப்பு ஐயப்பட்டது! 1980இல் கோபாலகிருஷ்ண நாயுடு கொல்லப்பட்டார். அதைப் பழிவாங்கல் என்று சொல்ல யாருக்கும் தயக்கமில்லை. வெண்மணியை இன்னும் ‘கூலித் தகராறு’ என்கிறவர்கள் உண்டு.

1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. பழியை விட்டு வழக்குக்கு வந்தவர்களுக்கு அது ஒரு பிடிமானம். ஆனால் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இச்சட்டம் சொந்தப் பழி தீர்க்கும் கருவியாகக் கூடாது என்று சொல்லிக் கைதுக்குத் தடைகள் போட்டது. அதாவது, புகார் கொடுப்பதே பழிவாங்கலாகிவிட்டது. ஏப்ரல் 2 பாரத் பந்த்தில் தெருவுக்கு வந்தவர்களில் பலர் உயிரிழந்தார்கள். அதன்பின், ஆகஸ்டில்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தடைகளை நீக்கியது.