ஒளிந்து வாழும் சால்மோனெல்லா: தீப்ஷிகா சக்ரவர்த்தியின் ஆய்வுகள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் குடும்பங்களுக்கு டைபாய்டு புதிய பெயர் அல்ல. காய்ச்சல் இறங்கியதும் மாத்திரையை நாமே நிறுத்திவிடுவதும் பல வீடுகளில் நடக்கிறது. அது ஏன் ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ள, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் தீப்ஷிகா சக்ரவர்த்தியின் ஆய்வுகள் உதவுகின்றன.

புனே தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்த அவர், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் மைக்கேல் ஹென்சலின் குழுவில் பணியாற்றினார். பின்னர் பெங்களூருவில் தமக்கென ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அவர் தொடர்ந்து கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான்: கிருமிகளை விழுங்கி அழிக்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுவுக்குள்ளேயே சால்மோனெல்லா எப்படி உயிர் வாழ்கிறது?

விழுங்கப்பட்ட கிருமி, அணுவுக்குள் ஒரு சிறு பையில் தங்குகிறது. அங்கிருந்து ஊசி போன்ற அமைப்பின் வழியாகத் தன் புரதங்களை அணுவுக்குள் செலுத்துகிறது. கிருமியைக் கொல்லும் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி அந்தப் பையை நெருங்காமல் இவ்வமைப்பு தடுக்கிறது என்று 2002-இல் ஹென்சல் குழுவினருடன் அவர் காட்டினார்.

2010-இல் அவருடைய பெங்களூரு குழு இன்னொரு தந்திரத்தைக் கண்டது. கிருமி இரண்டாகப் பிரியும்போது பையும் பிரிகிறது. இப்படிப் பைகள் பெருக, அவற்றை அழிக்க வேண்டிய லைசோசோம்கள் குறைந்துபோகின்றன. அணுவின் செரிமான அறைகள் இவைதாம்.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் டைபாய்டு கிருமியின் நெருங்கிய உறவான சால்மோனெல்லா டைபிமூரியத்தில் நடந்தவை. எலிகளில் அது டைபாய்டு போன்ற நோயை உண்டாக்கும். டைபாய்டு கிருமியும் மனித மேக்ரோஃபேஜுக்குள் தங்கிப் பெருகக்கூடியதே.

ஆகவே காய்ச்சல் இறங்குவதும் கிருமி ஒழிவதும் ஒன்றல்ல. மிஞ்சும் கிருமிகளால் நோய் திரும்ப வரலாம். சிலருக்குப் பித்தப்பையில் நெடுங்காலம் தங்கி, மலத்தின் வழியே வெளியேறும். அவர் கை கழுவாமல் சமைத்தால் வீட்டாருக்கும் தொற்றும்.

நாம் செய்ய வேண்டியவை எளியவை. நீடித்த காய்ச்சல் என்றால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்த கல்ச்சர் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்போம். எழுதிக் கொடுத்த நாள்வரை மருந்தை முழுமையாக எடுப்போம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்போம். 6 மாதம் நிறைந்த குழந்தைக்கும் போடக்கூடிய டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி இருக்கிறது. அதைப் பற்றியும் குழந்தை மருத்துவரிடம் விசாரிப்போம்.