கென்னும் நோக்கும்

கீட்ஸின் 1816 சானெட்டில் 'கென்' என்றொரு சொல் வருகிறது. பார்வையெல்லை என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலவினைக்கு அறிவித்தல் என்பதே அர்த்தம். 16ஆம் நூற்றாண்டுக் கடலோடிகள் கண்ணெட்டும் தூரத்தை அதனால் குறித்தார்கள். இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கொழிந்த அந்த வினை, ஸ்காட்லாந்துப் பேச்சில் 'அறி' என்ற பொருளில் பிழைத்திருக்கிறது.

எல்லைப்புறங்கள் இப்படித்தான். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்த விளவங்கோட்டில் என் பாட்டி 'நோக்கு' என்றுதான் சொல்வாள். பள்ளியில் அதை மலையாளம் என்று திருத்தினார்கள். தொல்காப்பியச் செய்யுளியலோ நோக்கைச் செய்யுளுறுப்பு 34இல் ஒன்றாக வைத்து, மாத்திரை முதல் அடிவரை நம்மை நோக்கவைக்கும் காரணம் அது என்கிறது. விமர்சனத்துக்கு இதைவிட நல்ல கலைச்சொல் எனக்குத் தெரியாது. ஆனாலும் கவுண்டரில் ஒரு கிழவி பாஸ்புக்கை நீட்டி 'நோக்கு மக்ளே' என்றால், 'பார்க்கிறேன்' என்றுதான் என் வாயில் வருகிறது.